முடிச்சுப் போட்ட கொப்பு

பங்களாவின் இரும்புக் கேற்றைத் தாண்டி நான் இறங்கத் தொடங்கியபோது மலையில் இன்னும் வெளிச்சம் இருந்தது. தோளில் ஒரு பை. அதற்குள் இரண்டு சாரமும் ஒரு சேட்டும். என்னை யாரும் துரத்தவில்லை. பங்களாவின் வாச்சர் மட்டும் கேற்றுவரை கூட வந்தார்.

"குறுக்குப் பாதையில எறங்கிறாத. தார் ரோட்டுலயே போ. கலேவெல பஸ் கெடைச்சா ஏறிரு. கெடைக்காட்டி யட்டவத்தயில எங்கயாச்சும் படு. இந்தப் பக்கம் மட்டும் நிக்காத."

"அவன் யாருன்னு உங்களுக்குத் தெரியும்தானே?" என்று கேட்டேன்.

"எனக்கு என்னா தெரியும்?" என்று சொல்லிவிட்டுக் கேற்றை மூடினார். மூடிய கையோடு சங்கிலியையும் சுற்றினார். பகலில் அந்தக் கேற்றுக்குச் சங்கிலி போட்டு நான் பார்த்ததில்லை.

பாதையின் நடுவிலேயே நடந்தேன். இரண்டு ஓரமும் புல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. மழை விட்டிருந்தாலும் மிளகுக்கொடிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் காலை வைக்கும் இடத்தைப் பார்த்து வைத்தேன். சின்ன வயதிலிருந்தே நடந்து திரிகிறவன் நான். நிலத்தைப் பார்த்து நடக்கும் பழக்கம் அன்றுதான் வந்தது.

எனக்குப் பள்ளிக்கூடம் எட்டாம் ஆண்டோடு சரி. வஹகோட்டைக் கோயில் திருநாளில் கடலை விற்றிருக்கிறேன். கலேவெலயில் கத்தரிக்காய் மூட்டை ஏற்றியிருக்கிறேன். மாத்தளை டவுனில் ஹோட்டல் கோப்பை கழுவியிருக்கிறேன். எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. கால் அரிக்கத் தொடங்கினால் கிளம்பிவிடுவேன். இந்த முறை கால் அரிக்கவில்லை. போ என்றார்கள், போனேன்.

அந்தப் பங்களாவில் முன்பு தோட்டத்துத் துரை இருந்தார். இப்போது வாடகைக்கு விடுகிறார்கள். அந்த மாதம் அதை எடுத்திருந்தது ஒரு பயிற்சி வகுப்பு. கணக்கில் பெரிய பட்டம் முடித்து, அதற்கும் மேலே ஆராய்ச்சி செய்கிற இளம் பிள்ளைகள் பல ஊர்களிலிருந்தும் சில வெளிநாடுகளிலிருந்தும் வந்திருந்தார்கள். 'பகுப்பாய்வு எண்கோட்பாடு' என்று கதவில் மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருந்தது. காலையில் வகுப்பு. சுவரெல்லாம் கரும்பலகை. மாலையிலும் வகுப்பு. இடையில் நடை. அந்த நடைக்காகத்தான் என்னை எடுத்தார்கள்.

வகுப்பை நடத்தியவர் கொழும்பிலிருந்து வந்த ஒரு பேராசிரியை. எல்லாரும் மிஸ் என்று கூப்பிடுவார்கள். அவர் ஒரு முறை வைத்திருந்தார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக மலைக்குள் நடக்க வேண்டும். காகிதம் கூடாது, பேனை கூடாது, போன் கூடாது. ஒருவர் தன் ஆராய்ச்சியை மற்றவருக்கு வாயாலேயே விளக்க வேண்டும். மாலையில் கரும்பலகைக்கு முன்னால் நின்று, தன்னுடையதை அல்ல, கூட நடந்தவரின் ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். காகிதம் இருந்தால் கைதான் யோசிக்கும், தலை சும்மா இருக்கும் என்பது அவருடைய எண்ணம். பிள்ளைகள் அதற்குப் பயந்தார்கள். அடுத்தவர் கணக்கைத் தப்பாகச் சொன்னால் இரண்டு பேருக்கும் அவமானம்.

என் வேலை அவர்களுக்குப் பாதை காட்டுவது, அட்டைக்குக் காலில் சவர்க்காரம் பூசச் சொல்வது, தேத்தண்ணி நேரத்துக்குள் எல்லாரையும் திரும்பக் கூட்டிவருவது. ஒரு நாளைக்கு ஒரு சோடியோடுதான் போக முடியும். மற்றவர்களுக்குப் பாதையைச் சொல்லி அனுப்புவேன்.

மலையில் பயப்பட வேண்டியது அட்டைக்கு அல்ல. கட்டுத்துவக்குக்கு. காட்டுப்பன்றியைச் சுட வைக்கும் துப்பாக்கி. கொக்கோ மரத்தடியில் துவக்கைக் கட்டையில் கட்டி, பாதைக்குக் குறுக்கே மெல்லிய கம்பி இழுத்துவிடுவார்கள். கம்பியில் பன்றி இடித்தாலும் வெடிக்கும், மனிதன் இடித்தாலும் வெடிக்கும். சட்டத்துக்கு விரோதம். அதனால் யார் வைப்பது என்று கேட்டால் மலையில் யாருக்கும் தெரியாது. ஆனால் வைக்கிறவனுக்கும் நடக்கிறவர்களுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. துவக்குக் கட்டினால் அந்தப் பாதையின் வாயில் ஒரு பச்சைக் கொப்பை நட்டு, நுனி இலைகளை முடிச்சுப் போட்டு வைப்பான். எடுத்தால் கொப்பையும் எடுப்பான். கொப்பு இல்லாத பாதையில் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். மிளகு பறிக்கிற பெண்கள் அதை நம்பித்தான் வேலை முடிந்து லயத்து வீடுகளுக்குப் போனார்கள். லயத்தில் ஒரு கால் இல்லாத பெண் இருந்தாள். அவள் விஷயம் கொப்புக்கு முந்திய காலம். அதற்குப் பிறகுதான் கொப்பு நடும் வழக்கம் வந்தது என்றார்கள்.

இதையெல்லாம் முதல் நாளே விறாந்தையில் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். மாத்தளை டவுன் முஸ்லிம் கடைக்காரர் ஒருவரின் மகள் அந்த வகுப்பில் இருந்தாள். அவள்தான் இங்கிலீசில் சொல்லிக் கொடுத்தாள். ஒரு வெளிநாட்டுப் பையன் கை தூக்கினான்.

"மலையில மொத்தம் எத்தனை துவக்கு ஈக்கின்னு கேக்குறார்" என்றாள் அவள்.

"யாருக்குத் தெரியும்?"

"சராசரியா சொன்னாலும் போதுமாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த மாத்தளைப் பிள்ளையோடு சோடி சேர்ந்து நடந்தது மதுரையிலிருந்து வந்த ஒரு பெண். இரண்டு பேரும் தமிழ் பேசினாலும் ஒருவர் தமிழை மற்றவர் கேலி செய்துகொண்டே இருப்பார்கள். மாத்தளைப் பிள்ளை முதன்மை எண் என்பாள், மதுரைப் பெண் பகா எண் என்பாள். என்னை இவள் நானா என்பாள், அவள் அண்ணே என்பாள்.

ஒரு நாள் அவர்களோடு போனபோது மாத்தளைப் பிள்ளையிடம் என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன். அவள் நடந்துகொண்டே சொன்னாள்.

"ஒரு பூச்சியம் நானா. அது இருந்தா நாங்க முதன்மை எண்களப் பத்தி செல்ற கனக்க விஷயம் கொளம்பிப் போகும். இல்லாட்டி எல்லாம் நேரா வரும்."

"இருக்கா, இல்லையா?"

"யாருக்கும் தெரியாது. கண்டவங்களும் இல்ல. இல்லன்னு காட்டினவங்களும் இல்ல. அதனால ஒவ்வொரு கணக்குலயும் அது ஒருவேளை இருந்தா என்ன செய்றதுன்னு ஒரு எடம் ஒதுக்கி வச்சிட்டுத்தான் மேல போகணும்."

"பைத்தியக்கார வேலைண்ணே" என்றாள் மதுரைப் பெண். "இதுல இவளுக்கு நாலு வருஷம் போச்சு."

எனக்கு அது பைத்தியமாகத் தெரியவில்லை. மலையில் நாங்களும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தோம்.

நான் பங்களாவை விட்டு இறங்கிய அந்த நாள் பகலில், வேறு ஒரு சோடியோடு போயிருந்தேன். திரும்பி வந்து விறாந்தையில் பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தபோது இவர்கள் இருவரும் படியேறினார்கள். காரசாரமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். மாத்தளைப் பிள்ளையின் கையில் ஒரு குச்சி. அதன் அடி முழுக்கச் சேறு. மேலே இலை வாடியிருந்தது. இலைகள் முடிச்சுப் போட்டிருந்தன.

கோப்பையைக் கீழே வைத்தேன்.

"தங்கச்சி, இத எங்க புடுங்கினீங்க?"

அவள் குச்சியைப் பார்த்தாள். அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பவள் போல. முகம் வெளிறிப்போனது.

"நாங்க உள்ள போக இல்ல நானா. கொப்பக் கண்டு நின்டோம். சத்தியமா நின்டோம். நின்ட எடத்துல..."

"நின்ன எடத்துல?"

மதுரைப் பெண் சொன்னாள். "வாயால சொன்னா எனக்குப் புரியலண்ணே. கோடு போட்டுக் காட்டச் சொன்னேன். பேனா இல்ல. தரையில போட்டுக் காட்டினா. அப்புறம் அதக் கையில வச்சிக்கிட்டே..."

கொப்பு சொன்னபடி நின்றிருக்கிறார்கள். கொப்பையும் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது அந்தப் பாதையின் வாயில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லையென்றால் தாராளமாகப் போகலாம் என்று அர்த்தம். கீழே மடுவத்தில், நிறுவைக் கொட்டகையில், பெண்கள் மிளகு மூட்டையை நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும் நேரம். நிறுத்துக் கொடுத்து முடித்ததும் அந்தப் பாதைகளில் ஒன்றில் ஏறித்தான் லயத்துக்குப் போவார்கள்.

வாச்சரிடம் ஓடினேன். அவர் கொப்பைத் தொடக்கூட மாட்டேன் என்றார். "எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ என்கிட்ட கேக்கவும் இல்ல." பொலிசுக்குச் சொன்னால் அவர்கள் வர இருட்டிவிடும். பெண்களை மறிக்க ஒருவரை மடுவத்துக்கு அனுப்பும்படி மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு, ஒரு நீண்ட மூங்கிலை எடுத்துக்கொண்டு நான் அந்த இருவரையும் கூட்டிக்கொண்டு மலைக்குள் இறங்கினேன்.

"எந்தப் பக்கம்?"

இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஞாபகம் வைத்திருந்ததெல்லாம் கணக்கு மட்டும். எந்த மரம், எந்தக் கல், எந்த வளைவு என்று ஒன்றும் இல்லை. அந்த மலையில் கவர் விட்டு இரண்டாகப் பிரியாத பாதை கிடையாது. மிளகுக்குள் ஒன்று போகும், கொக்கோவுக்குள் ஒன்று போகும், எல்லாம் ஒன்று போலவே இருக்கும்.

மாத்தளைப் பிள்ளை திடீரென்று நின்றாள். "முதல்ல இருந்து செல்லிக்கொண்டு போவம். எந்த எடத்துல கோடு போட்டேன்னு எனக்குத் தெரியும். கணக்குல எந்த எடம்னு தெரியும்."

அப்படியே செய்தார்கள். பங்களாவின் பின்பக்கக் கதவிலிருந்து, பகலில் பேசிய பேச்சை மறுபடியும் பேசிக்கொண்டு நடந்தார்கள். நான் மூங்கிலால் முன்னால் தட்டிக்கொண்டு போனேன். எண்களின் வரிசை என்றார்கள். தொகையை இரண்டாகப் பிரி என்றார்கள். சின்ன பாகம், பெரிய பாகம். அவள் ஒன்றையும் விடவில்லை. அவ்வளவு பயத்திலும் ஒரு படியையும் தாண்டாமல் சொல்லிக்கொண்டு போனதைப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது. மரத்தில் குருவிச் சத்தம்கூட இல்லை.

கணக்கில் கோடு போட்ட இடம் வந்தபோது நாங்கள் ஒரு நேர்ப் பாதையில் நின்றோம். கவரே இல்லை.

"இங்க இல்ல" என்றாள். "ஏன் இங்க வந்திச்சி?"

"வேகமா நடக்குறோம்" என்றேன்.

"அது மட்டும் இல்லடி" என்றாள் மதுரைப் பெண். "நடுவுல நான் ஒன்ன மறிச்சேன். அந்தப் படி தப்புன்னு சொன்னேன். நீ ஒத்துக்கல. ரொம்ப தூரம் சண்டை போட்டுக்கிட்டே நடந்தோம்."

"அப்ப அந்தச் சண்டையையும் போடு."

போட்டார்கள். கண்ணீர் வழிய வழிய சண்டை போட்டார்கள். பாதை வளைந்து இறங்கியது. ஓரிடத்தில் மாத்தளைப் பிள்ளை பேச்சை நிறுத்தினாள். "நீ செல்றது சரி" என்றாள் மெதுவாக. "அந்தப் படி நிக்காது." மற்றவள் சட்டென்று நின்றாள். கீழே காட்டினாள்.

அங்கே பாதை இரண்டாகப் பிரிந்தது. சேற்றில் ஒரு நீளக் கோடு. கோட்டின் முனைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம். ஓரத்தில் கொப்பு நின்ற துளை. கோட்டுக்கு மேலே, வட்டத்தை மிதித்துக்கொண்டு, சிலிப்பர் தடம் ஒன்று இடதுபக்கம் போயிருந்தது. தடத்தில் தண்ணீர் இன்னும் ஊறவில்லை.

"இங்கயே நில்லுங்க. யார் வந்தாலும் விடாதீங்க" என்று சொல்லிவிட்டு அந்தத் தடத்தின் மேலேயே காலை வைத்துப் போனேன். கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டேன்.

"கத்தாத" என்று ஒரு குரல் வந்தது. "நான் செத்துட்டா கேக்காது, உசிரோட இருந்தா கேக்குது."

கொக்கோ மரங்களுக்கு நடுவில் ஒரு பெண் நின்றாள். லயத்து அக்கா ஒருத்தி. நாற்பது வயதிருக்கும். தலையில் விறகுக்கட்டு. ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால். முன்கால் கணுக்காலில் கம்பி தொட்டுக்கொண்டிருந்தது. தொட்டதும் உணர்ந்து அப்படியே நின்றுவிட்டாள். காலை எடுத்தால் கம்பி என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் நின்றாள் என்று நான் கேட்கவில்லை. அவள் தொடை ஆடிக்கொண்டிருந்தது.

"அசையாதீங்க அக்கா."

"அசைஞ்சிருந்தா நீ வந்து என்னா, போய் என்னா? சுத்திக்கிட்டுப் பின்னால போ. துவக்கு வாய் எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாரு."

கம்பியைத் தொடாமல் சுற்றிப் போனேன். புதருக்குள் துவக்கு இரண்டு கட்டையில் கட்டியிருந்தது. அதன் வாய் அவள் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் துவக்கைத் தொட்டதில்லை. அதைச் சொன்னேன்.

"நான் மட்டும் பட்டாளத்துலயா இருந்தேன்? கட்டையோட சேத்து மேல தூக்கு. வானத்தப் பாக்க வை."

கட்டைகளை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். நனைந்த மண் விட்டுக்கொடுத்தது. வாய் மேலே திரும்பவும் வெடிக்கவும் சரியாக இருந்தது. இலையும் கொக்கோக் காயும் எங்கள் மேல் கொட்டின. கண்ணைத் திறந்தபோது அவள் விறகுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். வேறு காயம் இல்லை.

கவருக்கு அவளைக் கூட்டிவந்தபோது வெடிச் சத்தம் கேட்டுக் கீழேயிருந்து வந்த பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் நடுவில் நம் பிள்ளைகள் இருவரும்.

"கொப்ப யாரு புடுங்கினா?" என்று கேட்டாள் அந்த அக்கா.

"நான்தான் புடுங்கின" என்றாள் மாத்தளைப் பிள்ளை.

"எதுக்கு?"

"எழுத."

"என்னாத்த எழுத?"

அவள் சேற்றைக் காட்டினாள். அக்கா குனிந்து அந்தக் கோட்டையும், தன் சிலிப்பர் மிதித்த வட்டத்தையும் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்கவில்லை. மற்றப் பெண்கள் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். சிரிப்பு அழுகையாகி, அதன் பிறகுதான் நின்றது.

"இனிமே கொப்பு இருந்தா என்னா, இல்லாட்டி என்னா" என்று சொல்லிவிட்டு அவள் வந்த வழியே இறங்கிப் போனாள். மேலே ஏறவில்லை. ஒரு பெண்ணும் ஏறவில்லை. எல்லாரும் தார் ரோட்டைச் சுற்றிக்கொண்டு லயத்துக்குப் போனார்கள்.

பங்களாவில் மிஸ் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார். நடை இனி இல்லை என்றார். கதவுகளைச் சாத்திக்கொண்டு வகுப்பு நடந்தது. மாத்தளைப் பிள்ளை அன்று மாலை கரும்பலகைக்கு முன்னால் நின்றாளா என்று எனக்குத் தெரியாது. அதற்குள் வாச்சர் என்னைக் குசினிப் பக்கம் இழுத்துப் போயிருந்தார்.

"வெடிச் சத்தம் துவக்கு வச்சவனுக்குக் கேட்டிருக்கும். போய்ப் பாப்பான். கட்ட ஒடைஞ்சி கெடக்கும். பங்களாக்காரங்கள அவன் ஒண்ணும் செய்ய மாட்டான். லயத்து ஆளுங்களையும் செய்ய மாட்டான், நாளைக்கு அவங்க மூஞ்சில முழிக்கணும். ஒனக்குத்தான் கேக்க ஆள் இல்ல. வெளிச்சத்தோட போயிரு."

அவர் சொன்னது சரி என்று பட்டது. பையை எடுத்தேன்.

தார் ரோட்டில் எனக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வெகு தூரம் மெதுவாக வந்தது. நான் நின்றால் சத்தம் நின்றது. பிறகு ஒரு வளைவில் என்னைத் தாண்டிப் போனது. ஓட்டியவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன்தானா, வேறு யாராவதா என்று இன்றுவரை தெரியாது. சந்திக்கு வந்தபோது கலேவெல பஸ் போய்விட்டிருந்தது. தேத்தண்ணிக் கடைக்காரர் வாங்குப் பலகையில் படுக்க விட்டார். தூக்கம் வரவில்லை.

விடிந்து கடை திறந்ததும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மிளகுத் தோட்டத்துக் கங்காணி. மற்றவள் நேற்று கம்பியில் நின்ற அக்கா. தலையில் துணி கட்டி ஒரு காதை மறைத்திருந்தாள்.

"பஸ்ஸுக்கா நிக்கிற?" என்றாள்.

"ஆமா."

"போறதுன்னா போ. ஆனா கேட்டுட்டுப் போ. விடியக்காலம் எங்க ஆளுங்க போய்ப் பாத்தாங்க. துவக்கு அங்க இல்ல. எடுத்துட்டான். வேற எங்க கட்டியிருக்கான்னு தெரியல. டோர்ச் அடிச்சி பாதை வாயெல்லாம் பாத்தாச்சு, ஒரு எடத்துலயும் கொப்பு இல்ல. இனி நடவும் மாட்டான். நட்டா புடுங்குறாங்கன்னு தெரிஞ்சிருச்சே."

கங்காணி தொண்டையைச் செருமினார். "பொம்பளைங்க வேலைக்கு எறங்க மாட்டேங்கிறாங்க. முன்னால ஒரு ஆள் நடந்தா எறங்குறாங்களாம். மிளகு பழுத்து உதிருது தம்பி."

"லயத்துல ஆம்பளைங்க இல்லையா?"

"இருக்காங்க" என்றாள் அக்கா. "ஒருத்தன் அவனுக்கு மச்சான். ஒருத்தன் அவன்கூட ஒக்காந்து குடிக்கிறவன். நான் எவன் முதுகுக்குப் பின்னால நடக்க?"

கலேவெல பஸ் வந்து நின்றது. கடைக்காரர் என்னைப் பார்த்தார். கலேவெலயில் எனக்கென்று ஒரு வேலையும் காத்திருக்கவில்லை. சம்பளம் எவ்வளவு என்று கங்காணியைக் கேட்டேன். பறிக்கிறவர்களுக்கு உள்ள நாட்கூலி என்றார். சரி என்றேன்.

லயத்துக்குக் கீழே பெண்கள் சாக்குகளோடு வரிசையில் நின்றார்கள். கங்காணி ஒரு நீளமான மூங்கிலை வெட்டிக் கையில் கொடுத்துவிட்டு மடுவத்துப் பக்கம் போய்விட்டார். கொக்கோ மரங்களுக்குள் இன்னும் இருட்டாக இருந்தது.

"மெதுவாப் போ" என்றாள் அக்கா, என் முதுகுக்குப் பின்னாலிருந்து. "நாங்க ஒன் காலடியிலதான் காலு வைப்போம்."

மூங்கிலைத் தரைக்குப் பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு முதல் அடியை வைத்தேன்.